கல்லுத் துரையும் எங்கள் லயத்துச் சுவரும்

ஹாலிஎல
22.01.2003

அன்பு மகள் சுபாஜினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம், ஆனால் இருக்கிற இடம் மாறிவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை அறியாமல் எங்களுக்கு நிம்மதி இல்லை. ஆவணியில் வந்த உன் கடிதத்தில் நீ துப்புரவு வேலை செய்கிற பாரிஸ் கல் காட்சிச்சாலையைப் பற்றியும், லக்ருவா என்கிற பிரெஞ்சு விஞ்ஞானியைப் பற்றியும் ஆறு பக்கம் இருந்தது, உன்னைப் பற்றி இரண்டே வரி. அந்த மனுசனைக் குறை சொல்லவில்லை, எழுதினவளைத்தான் சொல்கிறேன்.

இருந்தாலும் அந்த ஆறு பக்கத்தையும் நான்கு தரம் வாசித்தேன். அவர் பெயர் இங்கே யாருடைய வாயிலும் நுழையவில்லை, அம்மா கல்லுத் துரை என்று வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. மருந்து கலக்கப் படித்த பையன் எதற்காகக் கல்லுக்குப் பின்னால் போனார் என்று நீ எழுதவில்லை. எரிமலை ஆராய்ந்த தன் வாத்தியாரின் மகளைப் பெண் கேட்டதற்கு, முதலில் ஆராய்ச்சிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வா என்று அந்த வாத்தியார் சொன்னாராம் என்ற இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கப்பாவும் அப்புடிக் கேட்டிருந்தா நான் இன்னைக்கும் கொமரிதான்" என்றாள். 1902இல் மார்தினிக் தீவில் மலை வெடித்து ஒரு காலைப்பொழுதில் ஒரு பட்டினமே, ஏறக்குறைய முப்பதினாயிரம் சனம், சுடுமேகத்தில் வெந்து போனபிறகு அரசாங்கம் அவரை அனுப்பியது, பெண்சாதியும் கூடப் போனார், அந்த மேகம் எப்படிச் சரிவில் உருண்டு வருகிறது என்று விளக்கிப் பெரிய புத்தகம் எழுதினார் என்றாய். எனக்கு இரண்டு விசயம் தெரியவேண்டும். அவருடைய சுத்தியல் எத்தனை றாத்தல்? ஆட்கள் செத்த பிறகு ஏன் போனார்? மலை புகைந்தபோதே அங்கே இருந்த படித்தவர்கள் பயமில்லை என்று சொன்னார்களே, அந்த நேரம் இவர் பாரிசில் பெட்டிகளில் கல்லை அடுக்கிக்கொண்டு இருந்தாரா? நேரிலேயே கேட்டிருப்பேன், ஆள் 1948இலேயே போய்விட்டார். ஆனால் ஒன்று, போனவர் மாதக்கணக்கில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், உச்சியில் முளைத்த கல்தூண் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று குறித்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய் நம் பின்சுவரைப் பார்த்தேன்.

அந்த வெடிப்பு உனக்குத் தெரியும், லயத்தில் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கிற எட்டு வீட்டின் பின்சுவரிலும் ஓடுகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் செம்மண்ணைக் குழைத்து அடைத்து மேலே சுண்ணாம்பு அடிக்கிறோம், அதோடு வெடிப்பு போய்விட்டது என்று இருக்கிறோம், அடுத்த வருசம் புதிதாக வந்ததைப் போல மறுபடியும் அடைக்கிறோம். முப்பது வருசம் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல் கட்டினவன் என்பதால் எட்டு வீட்டுக்கும் அடைத்துக் கொடுத்தது நான்தான். இது வளர்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். போன தீபாவளிக்கு நம் வீட்டுச் சுவரை அடைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பழைய பேப்பரை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, வெடிப்பின் குறுக்கே சோற்றுப் பசையால் ஒட்டித் தேதி எழுதினேன், சுவர் அசைந்தால் பேப்பர் கிழியும். அம்மா, "எல்லார் வீட்டுச் சொவரும் மாப்பிள்ள கணக்கா நிக்குது, நம்ம சொவரு மட்டும் ஆஸ்பத்திரியில இருந்து வந்த மாதிரி பிளாஸ்திரியோட நிக்குது" என்றாள், அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முதல் பேப்பர் இருபது நாள் தாங்கியது. மழை பிடித்ததும் அடுத்தது ஒன்பது நாள், அதற்கடுத்தது இரண்டே நாள். தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னேன், "பெருசு, சொவத்துக்குக் காய்ச்சலா, பனடோல் குடுங்க" என்று கிளாக்கர் சிரித்தான். எத்தனை துரைமாரைப் பார்த்தவன் நான், இவன் சிரித்ததற்கா விடுவேன். கிழிந்த பேப்பர்களை ஒரு கொப்பியில் ஒட்டிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். அங்கே மண்சரிவு பார்க்கிற ஒரு கந்தோரில் இரகுநாதன் என்று யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தார். "ஐயா, இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்றார். "ஒரு பிரெஞ்சுக்காரருங்க, செத்து அம்பது வருசத்துக்கு மேல ஆகுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே வந்து லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஏறிப் பார்த்தார், நிலத்திலும் வெடிப்பு இருந்தது. மேலே இருந்து மண் சரியலாம், மழை ஓயும்வரை எட்டுக் குடும்பமும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார்.

ஒருவரும் அசையவில்லை. லயத்துக் கடைசியில் இருக்கிற தொங்கல் வீட்டு வேலாயி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும், "பேப்பர் கிழிஞ்சதுக்கு வீட்ட விட்டுப் போவணும்னா, சீல கிழிஞ்சா நாட்ட விட்டுப் போவணுமாண்ணே?" என்று கேட்டாள், பெரட்டே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உளியையும் அலவாங்கையும் எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டில் நான் அடைத்த அடைப்பை நானே வெட்டினேன். அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒரு முழ நீளத்துக்கு அடைப்பு ஒரே கட்டியாகக் கழன்று கையில் வந்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு வருசத்து மண், அதை ஒட்டிச் சுவர் விலகின இடத்தில் அடுத்த வருசத்து மண், இரண்டுக்கும் நடுவில் உள்ளே வழிந்த சுண்ணாம்பு வெள்ளை நூல் மாதிரி. எண்ணினால் பதினான்கு வெள்ளைக் கோடு, பதினான்கு தீபாவளி. முதல் வருசங்களில் மண் தீக்குச்சிக் கனம், கடைசி மூன்று வருசமும் விரல் கனம். நாங்கள் மூடி மறைத்ததையெல்லாம் சுவர் ஒன்று விடாமல் வைத்திருந்திருக்கிறது. கட்டியை வேலாயியிடம் கொடுத்தேன், அவளும் எண்ணினாள். "இது எஞ் சின்னவ பொறந்த வருசம்" என்று ஒரு கோட்டைத் தொட்டு, அதற்குப் பிறகு உள்ளதை விரலால் அளந்தாள். பிறகு வெட்டின ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள், முழங்கை வரைக்கும் போனது. உடனே சட்டி பானையைக் கட்டத் தொடங்கினாள். அவள் கிளம்பினதும் மற்ற வீடுகளும் கிளம்பிவிட்டன.

பள்ளிக்கூடத்துக்கு வந்து இன்றோடு முப்பத்தைந்து நாள். படிப்புத் தவணை தொடங்கிவிட்டதால் மண்டபத்தில் பாதி எங்களுக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பொங்கலும் இங்கேதான் வைத்தோம், "பான பொங்கிருச்சுண்ணே, ஒங்க மல எப்ப?" என்று வேலாயி கேட்டாள். மலை விழவில்லை மகளே, சுவரும் நிற்கிறது. தினமும் காலையில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், பத்து நாளாக ஒரு பேப்பரும் கிழியவில்லை. அதையும் ஒளிக்காமல் எல்லாருக்கும் சொன்னேன், அதுதான் வினையாகப் போனது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அப்போது உன் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தை மண்டபத்தில் நின்று சத்தமாக வாசித்தேன். கல்லுத் துரை முதல் தரம் பார்த்து முடித்துத் திரும்பின கொஞ்ச நாளிலேயே மலை மறுபடி வெடித்து இன்னும் ஆயிரம் பேர்வரை மாண்டார்கள், அவர் திரும்பவும் ஓடவேண்டி வந்தது என்கிற பக்கம். அவ்வளவு படித்தவருக்கே அது ஓய்ந்ததா, இளைப்பாறுகிறதா என்று சொல்ல முடியவில்லை, பத்து நாளில் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைசியில் மாசி முடியும்வரை இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள், அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் எட்டு வீட்டுக்கும் நான் ஒருவனே வெள்ளையடித்துக் கொடுக்கவேண்டும் என்று வேலாயி நிபந்தனை போட்டாள். சரி என்றுவிட்டேன்.

நான் சொன்ன சொல் தவறினதில்லை என்று இத்தனை வருசம் எல்லாரோடும் சண்டை பிடித்தவன் நான், உனக்கே தெரியும். மண் சரியும் என்று சொன்னது மட்டும் இந்த ஒரு தரம் தவறட்டும். பங்குனி பிறந்து நான் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக நிற்பதைப் பார்த்து லயமே சிரிக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளி போடாமல் வெளியே இறங்காதே, கண்ணாடிப் பெட்டி துடைக்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொள். முதல் தரம் திரும்புமுன் கல்லுத் துரை மலையில் எதைப் பார்த்து இனிப் பயமில்லை, போகலாம் என்று நினைத்தார், அதை அங்கே தெரிந்தவர்களிடம் கேட்டு மாசிக்குள் எழுது, மறந்துவிடாதே. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீடூழி வாழ அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லையா