தேதி போடாத ஒலிப்பதிவு

செவ்வாய், இரவு

முனியம்மாவின் ஒலிப்பதிவு கிளவுடில் இல்லை. எங்கள் பத்திரிகையின் கணினிகளைக் கவனிக்கும் சல்மா மாலையில் உறுதிசெய்தாள். கிளவுட் நிறுவனம் தரும் லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை வைத்து, பழைய கோப்புகளை அழிக்க அவள்தான் நிரல் எழுதியிருந்தாள்.

"தேதி இல்லாததெல்லாம் குப்பைன்னு நெனச்சிக்கினு அழிக்கச் சொல்லிட்டேன் சார். நாலே வரி."

பெயர் வெளியே வரக்கூடாது என்பவர்களின் பதிவுக்கு நான் பெயரோ தேதியோ போடுவதில்லை. போனிலும் பிரதி வைப்பதில்லை. அவளுக்கு அது தெரியாது.

சாயப்பட்டறையில் கண் போனதை முனியம்மா அதில்தான் சொல்லியிருந்தார். போன மாதம் இறந்துவிட்டார். பதிவில்லாமல் செய்தி போட முடியாது என்கிறார் ஆசிரியர்.

"திட்டுங்க சார், சும்மா இருக்காதீங்க."

"சாப்ட்டியாமா?" என்றேன்.

மீட்க முடியுமா என்று அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறாள். நாளை மதியத்துக்குள் பதில் வருமாம். அதுவரை பத்திரிகைப் பக்கத்தில் முனியம்மாவுக்கு ஒதுக்கிய இடத்தைக் காலியாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.