நான் சொன்ன போனஸ் புள்ளி

12.8.2006, சனி

கபடியில் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால் லீக் பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி தரலாம் என்று பி.டி. டீச்சரிடம் சொன்னது நான்தான். வெளிநாட்டு ரக்பி ஆட்டத்தில் போனஸ் புள்ளி உண்டு என்று பேப்பரில் படித்திருந்தேன்.

இன்று பள்ளி லீக் முடிந்தது. என் தோழி முத்துலட்சுமி ஆடும் ஒன்பது 'பி'க்கும் ஒன்பது 'ஏ'வுக்கும் ஆளுக்கு இரண்டு வெற்றி. சமமாக இருந்தால் நேருக்கு நேர் ஜெயித்தவர்களைத்தான் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஜெயித்தது 'பி'. ஆனால் ஒரே ஒரு போனஸ் புள்ளியால் 'ஏ' போகிறது.

அந்தப் புள்ளி எட்டாம் வகுப்பிடம் எடுத்தது, போன சனிக்கிழமை. தீபாவளி சீசனில் சனிக்கிழமை என்றால் அந்த அணியில் இருக்கும் விஸ்வநத்தம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட உட்கார்ந்துவிடுவார்கள். ஏழு பேரில் நாலு பேர்தான் ஆட வந்தார்கள். 'பி' அவர்களோடு ஆடிய புதன்கிழமை ஏழு பேரும் இருந்தார்கள்.

அதை டீச்சரிடம் சொன்னேன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

முத்துலட்சுமி அழவில்லை. "ஏ புள்ள, ஒன்னய யாரு கேட்டா? மாவட்டத்துக்குப் போகலன்னா கபடிய விட்டுட்டு சாயங்காலமும் குழாய் உருட்டணும்னு எங்கம்மா சொல்லிருக்கு. நீ வந்து கூட உருட்டுவியா?" என்றாள்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று புள்ளிப்பட்டியலை என்னைத்தான் போர்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "கடைசி வரைக்கும் எம்புட்டு விறுவிறுப்பு! அடுத்த வருசமும் போனஸ் வச்சிருவோம்" என்று டீச்சர் முதுகில் தட்டினார்.

நான் தேங்க்ஸ் சொன்னேன்.