வாசிக்காத தாள்

செவ்வாய், இரவு

வெள்ளையாக்கும் கிரீம் பூசி முகம் வெந்துபோன செல்வமணி அக்காவை இன்று நியாயம் கேட்க, அதை விற்ற டவுன் கடைக்கு நான்தான் கூட்டிப் போனேன். தேயிலைத் தோட்டத்து நுகர்வோர் சங்கச் செயலாளர் அல்லவா நான்! கடைக்காரர் பிளேன்டீ கொடுத்து, சிங்களத்தில் எழுதிய தாளொன்றை நீட்டினார். "கம்பெனிக்கு அனுப்புற முறைப்பாடு. கையெழுத்து வைங்க."

எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதைச் சொல்ல வெட்கம். "வைங்கக்கா" என்றேன்.

மாலையில் ஸ்கூல் மாஸ்டர் எங்களுக்குத் தந்த நகல் கொப்பியை வாசித்துச் சொன்னார்: கிரீமில் குறையில்லை, இனி எங்கும் முறைப்பாடு செய்யமாட்டோம்.

வீங்கிய கண்ணோடு அக்கா வாசலில் வந்து நின்றார். "கடைய மூடிருவாங்களா, தங்கச்சி?"

"பார்ப்போங்கக்கா" என்றேன்.

அக்காவின் பெயருக்குக் கீழே, சாட்சி என்று நான் போட்ட கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது.