தண்ணீர் விடும் நேரம்

மார்ச் 3

என் அக்கா பெற்ற சிங்கத்துக்கு,

இப்படித்தான் ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். அணை கட்ட வந்த பெரிய இன்ஜினியரின் சட்டையைப் பிடித்தே சொன்னேன். சரி, சட்டையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்றேன். ஆற்றைக் குழாய் மாதிரித் திருகினால் அது ஒருநாள் மனுஷனைத் திருகும் என்றேன். சிரித்தார்.

பகலெல்லாம் அங்கே அணையில் தண்ணீரைத் தேக்குகிறீர்கள். இங்கே பாறைக் குழிகளில் மீன் வாய் பிளந்து சாகிறது. சாயங்காலம் டர்பைன் சுற்றினால் அரைமணியில் கழுத்தளவு வெள்ளம். முட்டை, குஞ்சு, கரை எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகிறது. வலை வீசிய ஊர் இப்போது குழியில் கைவிட்டு மீன் பொறுக்குகிறது.

செவ்வாயன்று வெள்ளம் நாலரைக்கே வந்துவிட்டது. மின்கம்ப உயரம். அரைக் கம்பம் என்று வைத்துக்கொள். தையற்காரரைப் பாறையில் அறைந்தது. நான்தான் தூக்கினேன், முகம் இருந்த இடமே தெரியவில்லை. அவர் மகள் இன்னும் கிடைக்கவில்லை.

கடப்பாரையோடு நாற்பது பேர் உன் கட்டுப்பாட்டு அறைக்குக் கிளம்பினார்கள். குறுக்கே பாய்ந்து நாலு பேரைச் சாய்த்தேன். இல்லாவிட்டால் உன் உயிர் மிஞ்சியிருக்காது. அக்காவிடம் சொல்.

உன் தாய்மாமன்

மார்ச் 11

மாமாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். என் வலது கையை மேசையில் வைத்துக் கடப்பாரையால் இடித்தார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நகரத்தில் மின்சாரம் போதவில்லை, டர்பைனை உடனே ஓட்டு என்று நாலு மணிக்கு மேலிடத்து உத்தரவு. மூன்று முறை அபாயச் சங்கு ஊதிவிட்டுத்தான் தண்ணீர் விட்டேன். கேட்டும் ஏன் ஒருவரும் மேலே ஏறவில்லை என்பது அடி விழும்போதுதான் தெரிந்தது. சைக்கிள் கடைக்காரர் கத்தினார்: "ஆறு மணி வரைக்கும் தண்ணி வராதுன்னு ஞாயித்துக்கிழம வந்தப்ப உன் மாமன்கிட்ட நீதானடா சொன்ன!"

நான் சொன்னேனா மாமா? நாலு பேர் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. என் குற்றம் என்று தீர்ப்பானால் ஜெயில். உண்மையை நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மருமகன்

தம்பி, இது நான், அக்கா. நீ அடித்த கதைக்கெல்லாம் ஐம்பது வருஷம் சிரித்திருக்கிறேன். இதற்குச் சிரிக்கமாட்டேன்.

மார்ச் 14

அக்காவுக்கும் மருமகனுக்கும்,

என் கடிதம் என்றால் விசாரணை அதிகாரி எழுந்து நின்றுதான் படிப்பார். அனுப்பிவிட்டேன்.

நான் யாரையும் சாய்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நடந்து வந்தேன். வாசலில் நின்று நீ அலறியதைக் கேட்டேன். தையற்காரரைத் தூக்கியதும் நான் இல்லை.

முதல் சங்குக்கே தையற்காரர் மகள் கூடையைப் போட்டுவிட்டு ஏறினாள். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். கரையில் நின்ற நான்தான் கூப்பிட்டேன்: "எங்கம்மா ஓடுற? சும்மா சோதனைக்கு ஊதுறாங்க. ஆறு மணி வரைக்கும் வராது, என் மருமகனே சொல்லியிருக்கான்." பெரிய இடத்து ஆள் சொன்னால் சரிதான் மாமா என்று சிரித்தபடி திரும்ப இறங்கினாள். அவள் அப்பாவும் இறங்கினார்.

இதை அப்படியே எழுதி ஒரு நகலைத் தையற்காரர் மனைவியிடம் இன்று காலை கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சைக்கிள் கடைக்காரரிடம் எடுத்துப் போயிருக்கிறாள். கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய், சாப்பிட்டாய், தூங்கினாய், போனாய். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மணி என்பது நானாகச் சொன்னது.

மாமா