ஒரே கொக்கியில் இரண்டு வில்லை

மார்ச் 3

குளத்துத் தண்ணீரின் குளிர் இன்று உயிரை எடுத்தது. மேனேஜரிடம் சொன்னேன். "ஹீட்டரைப் பாத்துக்கிட்டு இருக்கோம்மா" என்றார். குளிர் ஆரம்பித்ததிலிருந்து அவர் ஹீட்டரைப் பார்க்கிறார், ஹீட்டர் அவரைப் பார்க்கிறது.

நர்ஸ் எனக்கு முன்பே வந்து கொக்கியில் வில்லையை மாட்டியிருந்தாள். நகராட்சி நீச்சல்குளத்தில் ஒரு பழைய விதி உண்டு. அறுபது தாண்டியவர்கள் தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஜோடியாக இறங்கி, ஒருவர் தலை மேலே தெரிகிறதா என்று மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அடையாளமாக இரண்டு பேரும் தங்கள் தகர வில்லைகளை ஒரே கொக்கியில் மாட்ட வேண்டும். இந்த விதியை மதிப்பது ஊரிலேயே நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நாள், முன்பின் தெரியாத அவள், கையில் வில்லையோடு வந்து நின்று, "கண்டக்டர், இடம் இருக்கா?" என்று கேட்டாள். நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உள்ளே போங்க, இடம் இருக்கு" என்றேன். ஒன்பது வருடமாகிறது.

துணி மாற்றும் அறையில் என் முதுகைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு தீவு புதுசா வந்திருக்கு. ஒண்ணுக்கு என் பேரை வை." வெண்புள்ளி முதலில் விரல் முட்டிகளில்தான் வந்தது. வேலையின் கடைசி வருடம். சில்லறை கொடுத்தால் பயணிகள் நக நுனியால் எடுத்துக்கொள்வார்கள். இப்போது கழுத்து, வாயோரம், தோள். இடது தோளில் இருக்கும் தீவுக்கு அவள் பெயரை வைத்தாயிற்று.

மார்ச் 6

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நர்ஸும் கூடவே வந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்துப் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பசங்களைக் கூட்டிட்டு வர்றவங்க சில பேர் உங்க தோலைப் பாத்துட்டு ஒரு மாதிரி சொல்றாங்க. மூடுறதுக்கு முன்னாடி, கடைசி வேளையில வந்தீங்கன்னா உங்களுக்கும் வசதி."

"எனக்கு என்ன வசதி?"

"யாரும் பாக்க மாட்டாங்கல்ல."

"பாத்தா எனக்கு ஒண்ணும் தேயாது தம்பி."

நர்ஸ் குறுக்கே புகுந்தாள். "தோல் வார்டுலயே தலை நரைச்சவ சொல்றேன், கேட்டுக்கோங்க. இது தொத்து இல்ல. தொட்டாலும் ஒட்டாது, கட்டிப் புடிச்சாலும் ஒட்டாது. பாருங்க." என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குப் புரியணுமே."

சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். "எழுதற அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு பேச்சுதான்" என்றார்.

வெளியே வந்ததும் நர்ஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "விடாத. கேஸ் போடு. நான் சாட்சி."

மார்ச் 7

நான் இறங்கியதும் பக்கத்துத் தடத்தில் இருந்தவர்கள் கரை ஏறிவிட்டார்கள். நர்ஸ் ஏறவில்லை. அது போதும்.

மார்ச் 12

நூலகத்தில் சட்டப் புத்தகம். வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துப் படித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது; நான் படிப்பை விடவில்லை. நடுநடுவே கல் கடித்தது. மென்று விழுங்கினேன்.

எனக்குப் புரிந்தது இது. பொதுமக்களுக்குச் சேவை தருகிற எந்த இடமும் ஒருவரின் தோலையோ நோயையோ வயதையோ பிறப்பையோ காட்டி அவரைத் தள்ளி வைக்கக் கூடாது. மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சாக்காகச் சொல்லக் கூடாது. இதை நான் புத்தகம் படிக்காமலே அமல்படுத்தியவள். ஒருநாள் மீன்காரம்மா கூடையோடு ஏறினாள். ஒரு ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவளை இறக்கிவிடச் சொன்னான். "மூக்கு உங்களோடது. இறங்கறதுன்னா நீங்க இறங்குங்க" என்று சொல்லி விசில் ஊதினேன்.

சமவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். சாட்சி என்ற இடத்தில் நர்ஸ் பெயர்.

ராத்திரி மகன் போனில்: "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வம்பு? பேசாம வாக்கிங் போ."

"வாக்கிங் போக முட்டி வேணும்டா. எனக்கு அது தண்ணிக்குள்ள மட்டும்தான் இருக்கு."

அவனுக்கு இது புரியாது. படி ஏறினால் ஒவ்வொரு படியும் என்னைக் கேள்வி கேட்கிறது. தண்ணீர் கேட்பதில்லை.

மார்ச் 20

வாசலில் புதுப் பலகை. அறுபது தாண்டியவர்களுக்கு ஜோடி கட்டாயம், ஜோடி இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. புகார் நகல் மேனேஜர் கைக்குப் போன மறுநாளே செத்துக் கிடந்த விதிக்கு உயிர் வந்துவிட்டது. இத்தனை நாள் இஷ்டத்துக்கு நீந்திக்கொண்டிருந்த கிழங்கள் எல்லாம் வரன் பார்ப்பதுபோல ஜோடி பார்த்தார்கள். "உங்களுக்கு ஆச்சா?" "இன்னும் அமையலீங்க." சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் வில்லையை நர்ஸ் வில்லையின் மேலே, சத்தம் கேட்கும்படி மாட்டினேன். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். உன் பருப்பு இங்கே வேகாது தம்பி.

மார்ச் 26

நர்ஸ் வரவில்லை. போன் செய்தால் காய்ச்சல் என்கிறாள். குரலில் காய்ச்சல் இல்லை. ஜோடி இல்லாததால் எனக்கும் தண்ணீர் இல்லை. பரவாயில்லை, அவள் தேறி வரட்டும்.

மார்ச் 31

நர்ஸ் வந்திருக்கிறாள். அவள் வில்லை எங்கள் கொக்கியில் இல்லை. குளத்துக்கு வருகிற டெய்லரம்மாவின் கொக்கியில் தொங்குகிறது. யாரோ தவறாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து எடுக்கப் போனேன். கவுன்டரில் இருப்பவள் சொன்னாள்: "விட்டுடுங்கம்மா. அவங்களே மாத்தச் சொல்லிட்டாங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மணிக்கட்டு வரை மூடிய நீச்சல் உடை போட்டு நீந்திக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிக் கூப்பிட்டேன். பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "ஜோடி இல்லாம விட முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே விதி."

காஞ்ச துண்டோட வீட்டுக்கு வந்தேன். என்னடி செஞ்சேன் நான்? ஒரு வார்த்தை. மூஞ்சிக்கு நேரா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2

அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், சங்கிலியை எடுக்கவில்லை. அந்தச் சமையலறையில் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று அவளைவிட எனக்குத்தான் தெரியும்.

"முட்டி வலி. மெதுவா நீந்தற ஜோடியா இருந்தா நல்லதுன்னு..."

"டெய்லர் என்னைவிட வேகமா நீந்தறா."

இந்தப் புழுக்கத்தில் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சாட்சிக்கு வருவேல்ல?"

"வர்றேன்."

"கதவையாவது தொறயேன்."

"வீடு போட்டது போட்டபடி கிடக்கு. இன்னொரு நாள் வா."

மேனேஜர் மிரட்டியிருப்பாரோ? இவள் மிரட்டலுக்குப் பயப்படுகிற ஆளில்லையே. படுத்தபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஏப்ரல் 9

குளத்து வாசலில் நின்று வருகிறவர்களிடம் ஜோடிக்குக் கேட்டேன். எல்லாருக்கும் ஆள் அமைந்துவிட்டதாம். வண்டி நிரம்பியதும் மற்ற கண்டக்டர்கள் "பின்னாடி வண்டி வருது, அதுல வாங்க" என்பார்களே, அதே குரலில் சொல்கிறார்கள். பின்னாடி வண்டி வராது என்று எங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 23

விசாரணை. இதை எழுதாமல் படுக்க மாட்டேன்.

விசாரணை அதிகாரி என் மகள் வயதுப் பெண். மேசை மேல் தண்ணீர் ஜாடி, எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. மேனேஜர் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். "தோலைப் பத்தி நாங்க பேசவே இல்ல மேடம். பாதுகாப்பு விதி, அவ்வளவுதான்" என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

நர்ஸைக் கூப்பிட்டார்கள்.

"அன்னைக்கு அந்த ரூம்ல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"இவங்க தோலைப் பத்தி மேனேஜர் ஏதாவது சொன்னாரா?"

மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை எடுத்துத் தேய்த்த கன்னம் என் பக்கம்தான் இருந்தது.

"ஞாபகம் இல்ல."

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியதெல்லாம் போய்விட்டது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு வண்டி ஜனத்தை அடக்கிய தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

அதிகாரி மேனேஜரிடம் திரும்பினார். "பலகை வெச்ச பிறகு யாரையெல்லாம் திருப்பி அனுப்பினீங்க?"

"ஜோடி இல்லாதவங்களை மேடம்."

"அது யாரு?"

"இவங்களை."

"வேற?"

"வேற... யாரும் இல்ல."

"எல்லாருக்கும் ஜோடி கிடைக்குது, இவங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கல?"

மேனேஜர் ஜாடியைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே நடையில் நர்ஸ் என் பின்னாலேயே வந்தாள். நான் நிற்கவில்லை. ஓடிவந்து வழியை மறித்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். வெறும் கை.

"இங்கதான் இருந்துச்சு. நீ புகார் குடுத்து ரெண்டு வாரத்துல. வெள்ளையா, காசு அகலத்துக்கு. தேமல்தான். பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும், தேமல்னு. எனக்குத் தெரியலடி. உன்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். தோல் உரியற வரைக்கும் சோப்புப் போட்டுத் தேச்சேன்."

"இப்போ?"

"டாக்டர் களிம்பு குடுத்தாரு. போயிடுச்சு."

"போனப்புறம் வந்திருக்கலாமே?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?"

"சரி, இன்னைக்கு? ஞாபகம் இல்லைன்னியே, அது எந்த மூஞ்சி?"

அழுதாள். "ஞாபகம் இருக்குன்னா, அப்புறம் ஏன் ஜோடி மாறினேன்னு கேப்பாங்க. தோல் வார்டு நர்ஸு நான். அந்தப் பொண்ணு முன்னாடி என்னத்தச் சொல்லுவேன்?"

"அப்போ உன் மானத்துக்கு என் தண்ணிய வித்துட்ட."

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மாடிப்படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினேன். பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்றாள். திரும்பவில்லை.

ஏப்ரல் 24

களிம்பில் போகிற புள்ளிக்காக.

மே 2

மேனேஜர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அது பஸ்ஸில் காலை மிதித்தவன் மேல் வருகிற கோபம். மிதித்தான், சண்டை போடலாம், இறங்கிப் போய்விடுவான். தெரியாதவன் பயந்தால் சொல்லிப் புரியவைக்கலாம். எல்லாம் தெரிந்தவள் பயந்தால் என்ன செய்வது? எந்தப் புத்தகத்தில் எந்த வரிக்குக் கீழே அளவுகோலை வைப்பது?

இடது தோளில் அவள் பெயர் வைத்த தீவு இன்னும் பெரிதாகியிருக்கிறது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மே 15

தீர்ப்பு வந்தது. தோலைக் காட்டி ஒதுக்கினார்கள் என்ற புகார் நிரூபிக்கப்படவில்லை. சாட்சி இல்லை. ஆனால் ஜோடி விதி எழுத்தில் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும், அதன் அடி ஒருவர் மேல் மட்டும் விழுந்திருக்கிறது. அப்படி விழுவதும் பாகுபாடுதான். ஆகையால் ஜோடி அமையாதவர் யாராக இருந்தாலும், குளத்து ஊழியர் ஒருவரை ஜோடியாகத் தர வேண்டும்.

"ஜெயிச்சிட்டியேம்மா!" என்றான் மகன்.

"பாதிதான்."

"மீதி?"

"மீதிக்கு ஞாபகம் இல்லியாம்."

மே 19

நீந்தினேன். உயிர்காப்பாளரின் சிவப்பு வில்லை என் வில்லையோடு தொங்குகிறது. நடுவயசு ஆள், கொட்டாவி விட்டுக்கொண்டே கரையில் நடந்தார். ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் அவர் என்னைப் பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்த்தார். சம்பளத்துக்குப் பார்க்கிற பார்வை. அதுவும் பார்வைதான், முழுகவிடாது. முட்டி வலிக்கவில்லை.

துணி மாற்றும் அறையில் முதுகு ஈரமாகவே சட்டை போட்டுக்கொண்டேன். எட்டவில்லை.

ஜூன் 11

நர்ஸ் ஒரு டப்பா நிறைய ஏதோ செய்து, கவுன்டரில் எனக்காகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். திறக்காமல் கவுன்டர்காரியிடமே கொடுத்துவிட்டேன். நன்றாக இருந்ததாம்.

ஜூலை 8

டெய்லரம்மா ஊரை விட்டு மகளோடு போய்விட்டாள். நேற்றே கேள்விப்பட்டேன்.

இன்று நான் போனபோது கொக்கிப் பலகைக்கு முன்னால் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். வில்லை கையில். உடை பழைய அரைக்கை உடை. மெலிந்திருக்கிறாள். நான் என் வில்லையைச் சிவப்பு வில்லையோடு மாட்டும் வரை பேசாமல் இருந்தாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல, மெல்ல:

"கண்டக்டர், இடம் இருக்கா?"

வண்டி எவ்வளவு நிறைந்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன், இருக்கு என்று.

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினாள். திரும்பி வாசல் பக்கம் நடந்தாள்.

"கவுன்டர்ல கேளு. ஆள் தருவாங்க."

நின்றாள். "அது நீ வாங்கின ஆர்டர்."

"அதுல என் பேர் இல்ல. யாராக இருந்தாலும்னு போட்டிருக்கு. உன்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா சொல்லு, அதுக்கும் புகார் எழுதறேன்."

கொடுத்தார்கள். பக்கத்துத் தடத்தில் இறங்கினாள். அந்தக் கொட்டாவி ஆளே எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கரையில் நடந்தார்.

மறுகரையைத் தொட்டுத் திரும்பும்போது அவள் தலை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. அடுத்த திருப்பத்திலும் பார்த்தேன்.

வெளியே வந்து துண்டை எடுத்துக்கொண்டேன். என் வில்லையை அவள் பக்கம் நகர்த்தவில்லை.