3/8 அல்லது அதற்கு மேல்

வடக்கு மெய்ன்
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள மிரேய்க்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், நீயும் மாப்பிள்ளையும் ஆனெட்டும் அந்த அரிசோனா வெயிலில் வாடாமல் நலமாக இருக்க வேண்டும். இங்கே பனி ஜன்னலின் பாதி வரை ஏறிவிட்டது. முழங்கால் சரியாகும் வரை பனியை அள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்திருக்கிறது, உன் அப்பா விடிந்ததும் மண்வெட்டியோடு வாசலில் நிற்கிறார். நேற்று மாதா கோவில் பீன்ஸ் விருந்துக்கு நாங்கள் போகவில்லை. போனில் நீ கேட்டபோது தலைவலி என்றேன், அது பொய், எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லை. லூசியன் ஸீர் விபத்தில் இறந்தார் என்று சொன்னேனே தவிர எப்படி என்று சொல்லவில்லை. அதை வேறு யார் வாயிலிருந்தாவது நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

லூசியன் உங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், நீ ஓடி வருவது தெரிந்தால் ஹாரன் அடித்துக்கொண்டே காத்திருப்பார். பிறகு மரலாரிக்கு மாறினார். காகித ஆலை மூடியதும் அவர் லாரி நிற்கும் அதே மரக்கிடங்கில் உன் வகுப்பு ரெமி துபேயும் லாரியில் ஏற்றிய மரங்களைச் சங்கிலியால் கட்டும் வேலைக்குச் சேர்ந்தான், சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே சுவர்ப் பலகையில் எழுதியிருக்கும், முழு லோடுக்கு 3/8 அங்குலச் சங்கிலி அல்லது அதற்கு மேல். அன்று 3/8 டிரம் காலி. பக்கத்து டிரம்மில் 5/16 இருந்தது. ரெமி அதை எடுத்துக் கட்டினான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையுறை போட்ட கைக்குத் தெரியாது, டிரம்மில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆற்றோரச் சரிவில் லோடு ஆடுகிறதென்று லூசியன் லாரியை நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறார், அவர் பக்கத்தில் நிற்கும்போது சங்கிலி அறுந்தது. மேலே விழுந்த மரங்களை எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்றாம். சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அவர் மனைவி டோரிஸ் அதன் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் ஏன் மெல்லிய சங்கிலியைப் போட்டாய் என்று ரெமியைக் கேட்டார்கள். அவன் வாயே திறக்கவில்லை. தெரிந்தே போட்டிருக்கிறான், சோம்பேறித்தனம் என்று கிடங்கு முதலாளி சொல்லிவிட்டார், குடித்திருந்தான் என்று ஊர் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு மாத ஆளிடம் முழு லோடை விட்டது யார் என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. தெரிந்தே செய்தான் என்றானால் பல வருடம் உள்ளே இருக்க வேண்டுமாம். எனக்கு மனது கேட்காமல் வியாழக்கிழமை உருளைக்கிழங்கு சூப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான், முப்பத்து நாலு வயதுக்காரன், அறுபது வயது மாதிரி இருந்தான். அவன் மனைவி அந்தப் பக்கம் போகும் வரை காத்திருந்து மெல்லச் சொன்னான், "மூணு பை எட்டைவிட அஞ்சு பை பதினாறு பெருசுன்னுதான் டீச்சர் எடுத்தேன். ரெண்டு நம்பருமே பெருசா இருந்துச்சு."

மிரேய், நான் முப்பத்தொரு வருடம் ஐந்தாம் வகுப்பு நடத்தியவள். வீட்டுக்கு வந்து பரணில் இருந்த பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நீயும் ரெமியும் என் வகுப்பில் இருந்த அந்த வருடம் உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறை மூன்று வாரம், அது எல்லாருக்கும். ரெமியின் அப்பாவுக்கு அப்போது இடுப்பு உடைந்திருந்தது, அவன் இன்னும் நான்கு வாரம் வயலிலும் உருளைக்கிழங்குக் கிடங்கிலும் வேலைக்கு நின்றுவிட்டு நவம்பர் பாதியில்தான் வந்தான். நான் அந்த நான்கு வாரத்தில் பின்னத்தைத் தொடங்கி முடித்தும் விட்டிருந்தேன். வந்தவனைக் கூப்பிட்டு, குறுக்கே பெருக்கு, எந்தப் பக்கம் பெரிதாக வருகிறதோ அது பெரிது என்று ஒரு சூத்திரத்தைக் கையில் கொடுத்து உன் பக்கத்தில் உட்கார வைத்தேன், ஏன் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் தேர்வு. அவனுக்கு எண்பத்திரண்டு. உனக்கும் எண்பத்திரண்டு. ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று நீ போட்டிருந்ததை அன்று இரவுச் சாப்பாட்டில் சொல்லிக் கேலி செய்தேனே, நினைவிருக்கிறதா? அதே ஐம்பத்து நாலு அவன் தாளிலும் இருந்தது. உன்னைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கேட்டால் உன்னையும் சேர்த்துக் கேட்க வேண்டும், ஆசிரியை மகளே தாளைக் காட்டினாள் என்று பேச்சு வரும், அடுத்து தசமப் பாடம் வேறு காத்துக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு என்று எழுதி மூடிவிட்டேன். இதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே, உனக்கு அப்போது பத்து வயது, எனக்கு நாற்பத்து மூன்று.

மறுநாள் திரும்பவும் அவனிடம் போனேன். நான் அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன், இவனுக்கு உண்மையிலேயே தெரியாது, தெரியாதென்று எனக்குத் தெரியும் என்று சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜெயிலுக்குப் போறேன் டீச்சர், பரவால்ல. எம் பொண்ணு அஞ்சாங் கிளாஸ் படிக்கிறா. அவ போடுற கணக்கு அவ அப்பனுக்கே தெரியாதுன்னு ஊரே அவகிட்ட சொல்லும்." மளிகைக் கடைச் சீட்டு ஒன்று மேஜையில் கிடந்தது. அதை நீளமாகக் கிழித்து மூன்று முறை பாதி பாதியாக மடிக்கச் சொன்னேன், பிரித்தால் எட்டுக் கட்டம். மூன்று கட்டத்தைப் பென்சிலால் தீட்டினான். திரும்ப அதே மாதிரி மடித்து இன்னும் ஒரு மடிப்பு மடிக்கச் சொன்னேன், பதினாறு கட்டம். தீட்டியதை எண்ணு என்றேன். விரலை வைத்து எண்ணினான், ஆறு. மறுபடி எண்ணினான், ஆறுதான். நீ எடுத்தது ஐந்து என்று நான் சொல்லவில்லை, அவனே ஆறாவது கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துப் பார்த்தான். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "இவ்ளோதானா டீச்சர்? அஞ்சு நிமிஷம் கூட ஆவலையே" என்றான்.

அவன் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். நான் பேசலாம் என்றும் அவன் சொல்லவில்லை, அதற்குப் பிறகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்று காலை அவன் மனைவி போன் செய்தாள், சாப்பிடாமல் கொள்ளாமல் வீட்டில் இருக்கிற காகிதத்தையெல்லாம் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறானாம். உன் அப்பாவிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பேசினால் பாதி ஊர் என்னைத் திட்டும், பேசாவிட்டால் நானே என்னைத் திட்டிக்கொண்டு அவரைத் தூங்க விடமாட்டேன், அதற்கு ஊரே திட்டட்டும் என்றார். செவ்வாய்க்கிழமை பதிவேட்டை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போகிறேன். ரெமி என்னை மன்னிக்காமல் போகலாம். அதற்கு முன் நாளை டோரிஸிடம் போய்ச் சொல்லப் போகிறேன், கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்றாவது சொல்வேன். செய்தி உன் காதுக்கு வரும்போது உன் பேரும் கூடவே வரலாம், அதற்காக என்னை மன்னித்துவிடு.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் மாதா துணையிருக்கட்டும், அப்பாவின் முத்தங்களும் என் முத்தங்களும். ஆனெட் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், நல்ல மதிப்பெண் வாங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த மதிப்பெண்ணை நம்பிச் சும்மா இருந்துவிடாதே. இத்துடன் ஒரு காகிதப் பட்டை வைத்திருக்கிறேன், தபாலில் மடிந்துவிடக் கூடாதென்று அட்டைக்குள் வைத்திருக்கிறேன். மூன்று பை எட்டு பெரிதா, ஐந்து பை பதினாறு பெரிதா என்று கேள். சரியாகச் சொன்னாலும் ஏன் என்று கேள். நீ மடித்துக் காட்டாதே, அவளே மடிக்கட்டும். அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார், ஐந்து நிமிடம் கூட ஆகாது.

இப்படிக்கு,
உன் அம்மா
க்ளோடெட்