தண்ணி லாரித் தாலாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

அத்தை தூங்கியபின் சமையலறையில் ஒளிந்து எழுதுகிறேன். போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறார். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வீட்டில் நான்கு அக்காக்கள் கிட்டார், டிரம் வைத்துப் பாடுகிறார்கள். சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டார்கள், தாங்களே கட்டியதுதான். நேற்று அவர்கள் பதிவு செய்தபோது, இந்தப் பக்கம் நான் அத்தையின் பாப்பாவைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டும் சுவர் தாண்டி அதில் விழுந்துவிட்டது. அத்தை வெளியே போயிருந்த நேரம் அவர்கள் கதவைத் தட்டியதும், திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏய் குட்டி, தண்ணி லாரி வரலைன்னு ஒரு தாலாட்டா! யாரு கட்டினது?"

"எங்கம்மா."

"அப்ப உங்கம்மா நம்ம கட்சி!"

லீவின் கடைசி ஞாயிறு மொட்டைமாடியில் பாடப்போகிறார்கள். நானும் வந்து அதைப் பாட வேண்டுமாம். எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீயே கேளேன்.

நீலப் பாவாடையை அனுப்பி வை. தாலாட்டின் மூன்றாவது அடி மறந்துவிட்டது. அத்தை சம்மதித்தால் போனிலேயே பாடிக் காட்டு. சம்மதிக்காவிட்டாலும் பாடு, அம்மா.

பாப்பா சிணுங்குகிறாள். விளக்கை அணைக்கிறேன்.

உன் மகள்